கௌரியம்மாளின் சார்ஜ் லைட்

அம்மையார்குப்பத்தில் எங்கள் தெருவில் கௌரியம்மாளைத் தெரியாதவர்கள் கிடையாது. நான் அவளுக்கு எதிர்வீடு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, காலையில் கதவைத் திறந்தால் முதலில் தெரிவது அவள் முகம்தான். அதனால் அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. அவளுக்காகக் கோபப்படவும் உரிமை இருக்கிறது. கோபம் எனக்குக் கொஞ்சம் சீக்கிரமே வரும். வசந்தியிடம் வாய் கொடுத்தால் முழுசாக வீடு போய்ச் சேர முடியாது என்று தெருவில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இந்த விஷயத்தில் கெடுதல் செய்தது வாயைத் திறந்தவர்கள் இல்லை.

கௌரி அக்கா பிறந்தது நாராயணவனத்தில், ஆந்திராப் பக்கம். தமிழ் நன்றாகவே பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் தெலுங்கு. அப்பாவை நைனா என்பாள். அந்த நைனா செத்து வெகுகாலம் ஆகியும், கையிலிருந்து ஏதாவது நழுவி விழுந்தால் "நைனா" என்றுதான் அவள் வாயில் வரும். சின்னசாமி அண்ணனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்த புதிதில் அவளைத் தறியில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். அவளுக்குக் கால் ஒத்துழைக்கவில்லை, மிதியில் தடுமாறினாள். "இவ எதுக்கும் லாயக்கில்ல" என்று மாமியார் முணுமுணுத்துக்கொண்டே பாவு பிணைக்க அனுப்பினாள். அங்கேதான் அக்கா யார் என்று ஊருக்குத் தெரிந்தது.

பாவு பிணைப்பது என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள். ஒரு பாவு நெய்து தீர்ந்ததும் பழைய இழைகளின் நுனி கொஞ்சம் தறியிலேயே மிச்சம் நிற்கும். புதுப் பாவைக் கொண்டுவந்து, பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழை ஒவ்வொன்றையும் விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொள்வார்கள். ஆயிரக்கணக்கில் இழை, ஒன்றைக்கூட விடக்கூடாது, இடம் மாற்றக்கூடாது. அது முடிகிறவரை தறி சும்மா நிற்கும், முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். கைத்தறியிலாவது கொஞ்சம் பொறுப்பார்கள். பவர்லூம் வந்த பிறகு, சாயங்காலம் நின்ற தறி விடிந்ததும் ஓடியாக வேண்டும். அக்கா விரலுக்கு அந்த வேகம் இருந்தது. அவள் பிணைத்த இழை, முடிச்சுப் போட்ட மாதிரியே தெரியாது. தடவிப் பார்த்தாலும் தெரியாது. பவர்லூம் வைத்திருந்த வீரபத்திரன் தன் கொட்டகையில் அவளைத் தவிர வேறு யாரையும் பாவைத் தொட விட்டதில்லை.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி முறுக்குவாள், ஒருத்தி புது இழையை வரிசையாகப் பிரித்து எடுத்துக் கொடுப்பாள். முறுக்குகிறவள் விரல் நுனியை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது. கொடுக்கிற இழை எது, என்ன நிறம் என்று அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. எடுத்துக் கொடுக்கிறவள் சரி என்றால் சரி. எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். புருஷன் பெண்டாட்டிக்குள்கூட அவ்வளவு நம்பிக்கை இருக்காது.

அக்காவுக்கு எடுத்துக் கொடுத்தவள் கோமளவல்லி, சின்னசாமி அண்ணனின் கூடப் பிறந்த தங்கச்சி. அவள் புருஷன் சூரத்துக்கு மில் வேலைக்குப் போகிறேன் என்று போனவன், போனவன்தான். ஆள் இருக்கிறானா இல்லையா என்றுகூடச் சேதி இல்லை. மாமியார் வீட்டில் பெட்டியை வெளியே வைத்துவிட்டார்கள். அவள் இங்கே வந்து நின்றபோது தெரு என்னென்ன பேசியது என்று எனக்குத் தெரியும், நானே காதால் கேட்டேன். சின்னசாமி அண்ணன் வழக்கம்போல வாய் திறக்கவில்லை. அக்காதான் வாசலில் இறங்கி, தெலுங்கிலும் தமிழிலும் கலந்து, தெருவையே ஒரு வாங்கு வாங்கினாள். மறுநாளே கோமளாவைத் தன்கூடப் பாவு பிணைக்கக் கூட்டிப் போனாள். ஒரே தட்டில் சோறு போட்டுத் தின்றார்கள். கோயிலுக்குப் போனாலும் சேர்ந்துதான், கிருத்திகைக்கு மலை ஏறினாலும் சேர்ந்துதான். நாத்தனாரும் அண்ணியும் இப்படி இருப்பார்களா என்று நானே பொறாமைப்பட்டிருக்கிறேன்.

எண்பத்தைந்தாம் வருஷம் அக்காவுக்குக் கண் மங்க ஆரம்பித்தது. பகலில் குறை ஒன்றும் தெரியாது. விளக்கு வைக்கிற நேரமானால் கண் முன்னால் கஞ்சித் தண்ணீர் ஊற்றின மாதிரி இருக்கிறது என்றாள். திருத்தணியில் கண் முகாம் போட்டபோது ரகசியமாகப் போய்க் காட்டினாள், துணைக்கு நானும் கோமளாவும் போனோம். புரை விழுகிறது, இன்னும் முற்றவில்லை, முற்றினால்தான் ஆபரேஷன், ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஆகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண்ணாடி ஒன்று எழுதிக் கொடுத்தார், அது எதற்கும் உதவவில்லை.

வெளியே வந்ததும் அக்கா எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டாள். இது வீட்டில் அவருக்குத் தவிர ஊரில் யாருக்கும் தெரியக்கூடாது என்றாள். பாவு பிணைக்கிறவளுக்குக் கண் சரியில்லை என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் போதும், ஆபரேஷன் ஆகித் திரும்பி வருவதற்குள் அந்த இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் எழுப்ப முடியாது. அவளுக்கு வேறு வேலை தெரியாது, பிள்ளை குட்டியும் இல்லை. தெருவில் அவளை நிமிர்ந்து பார்க்க வைத்தது அந்த விரல்தான். நான் மலையைப் பார்த்துச் சத்தியம் செய்தேன். கோமளா "இதுக்குப் போயி சத்தியம் இன்னாத்துக்கு அண்ணி" என்று சிரித்தாள்.

கொட்டகையில் பெரிய பல்பு இருந்தது. அதன் வெளிச்சத்தில் அக்கா எப்படியோ சமாளித்தாள். சனியன் பிடித்த கரண்ட்தான் கழுத்தை அறுத்தது. அந்த வருஷம் வேலை நடுவில் திடீரென்று போய்விடும். எப்போது போகும், எப்போது வரும் என்று ஆண்டவனுக்கே தெரியாது. சிம்னி விளக்கைப் பாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோக முடியாது. பஞ்சுத் தூசி மேலே பொறி பட்டால் கொட்டகையே போய்விடும், தீப்பிடிக்காவிட்டாலும் புகைக் கரி இழையில் ஒட்டிக்கொள்ளும். விளக்கைத் தள்ளித்தான் வைக்க வேண்டும், கோமளாவுக்கு அந்த மங்கலே போதும். அக்காவுக்குத்தான் ஒன்றும் தெரியாது. கரண்ட் வரட்டும் என்று உட்கார்ந்துவிடுவாள். "இப்பல்லாம் கௌரியம்மாளுக்குச் சுறுசுறுப்பு குறைஞ்சிடுச்சு" என்று வீரபத்திரன் சொல்ல ஆரம்பித்தான்.

டார்ச் லைட் வாங்கலாம் என்று யோசனை சொன்னது கோமளாதான். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அவள் மனசில் கள்ளம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

மூன்று பேரும் பஸ் ஏறித் திருத்தணிக்குப் போனோம். கடைத்தெருவில் ராஜகோபால் என்று ஒருத்தர் எலெக்ட்ரிக் கடை வைத்திருந்தார். திருப்பதிக்குப் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் அங்கே நிற்பார்கள், மனுஷர் இரண்டு பாஷையிலும் வியாபாரம் செய்வார். டார்ச் வேண்டும் என்றதும் வயல்காரர்கள் வாங்குகிற நீட்டு டார்ச்சை எடுத்து வைத்தார். மூன்று செல் போடுவது. வெளிச்சம் தூரத்துக்கு அடித்தது, எதிர்க்கடை போர்டில் போய் விழுந்தது. அக்கா வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். எனக்கு எதிரே ஒரு முழத்தில் தெரிந்தால் போதும், எதிர்க்கடை தெரிந்து என்ன செய்ய என்றாள். அடுத்து இரண்டு செல் போடுகிற சின்ன டார்ச். அதில் வெளிச்சம் நடுவில் மட்டும் பொட்டு வைத்த மாதிரி விழுந்தது. பிறகு கையால் அமுக்கி அமுக்கி எரிய வைக்கிற ஒன்று, செல்லே வேண்டாம் என்றார். இரண்டு கையும் இழையில் இருக்கும்போது அமுக்குவது யார், நீங்கள் வருகிறீர்களா என்று நான் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே அதையும் உள்ளே வைத்துவிட்டார்.

செல் போடுகிற டார்ச்சே வேண்டாம் என்று கோமளா சொன்னாள். தினமுமா எரிக்கப் போகிறோம், கரண்ட் போனால்தானே என்றாள். சும்மா கிடக்கும்போது செல் ஊறிப்போய்த் தண்ணீர் விட்டு உள்ளேயெல்லாம் அரித்துவிடும். அவசரத்துக்கு எடுத்தால் எரியாது. அவள் சொன்னது நியாயம்தான். அப்போதுதான் ராஜகோபால் பீரோவுக்குள்ளிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்தார். மெட்ராஸ் பர்மா பஜார் சரக்கு, சிவப்பு பிளாஸ்டிக். பின் மூடியைக் கழற்றினால் இரண்டு கம்பி, அதை அப்படியே பிளக்கில் சொருகினால் கரண்ட் ஏறிக்கொள்ளும். செல் வாங்குகிற செலவே இல்லை, ஒரு தடவை வாங்கினால் கவலை இல்லை. முகம் அகலமாக இருந்தது, வெளிச்சம் பரவலாக விழுந்தது. மேலே ஒரு வளையம், கயிறு கட்டித் தொங்கவிடலாம். விலை செல் டார்ச்சைவிடக் கூடத்தான். கோமளா பேசிப் பேசிக் குறைத்தாள், நானும் என் பங்குக்கு இரண்டு போடு போட்டேன்.

அக்கா சும்மா வாங்கிவிடவில்லை. முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த இழைகளை எடுத்தாள். கறுப்பு நூல் கொஞ்சம், அரக்கு நூல் கொஞ்சம். கடைக் கதவைப் பாதி சாத்தச் சொன்னாள். ராஜகோபாலுக்கு ஒரே வேடிக்கை. இருட்டில் டார்ச்சைக் கோமளா பிடிக்க, அக்கா கறுப்பையும் அரக்கையும் ஒன்றாகக் கலந்து, பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. முன்னே காட்டிய டார்ச்சுகளிலும் அடித்துப் பார்த்தோம், அவற்றில் ஒரே கறுப்பாகத் தெரிந்தது இதில் பளிச்சென்று தெரிந்தது. அவள் முகத்தில் அத்தனை மாதம் கழித்து அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன்.

எங்கள் பக்கம் யார் விளக்கு வாங்கினாலும் இப்படித்தான் பார்ப்பார்கள், இருட்டு நிறத்தை வைத்துத்தான். கண்ணை ஏமாற்றுவது இருட்டு நிறம்தான் என்று எங்களுக்கு நினைப்பு. வெளிர் நிறத்தை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. அன்றைக்கு எங்கள் மூன்று பேருக்கும் அது தோன்றவில்லை.

எரிக்காவிட்டாலும் மாசத்துக்கு ஒரு தடவை சார்ஜ் போடுங்கள், இல்லாவிட்டால் செத்துவிடும் என்று ராஜகோபால் சொல்லி அனுப்பினார். அக்கா அமாவாசைக்கு அமாவாசை தவறாமல் போட்டாள். சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் பிளக் இருந்தது. அதனால் டார்ச்சும் சாமியோடு சேர்ந்து கற்பூரம் வாங்கிக்கொண்டது.

அதற்கப்புறம் கொஞ்ச காலம் நன்றாகத்தான் போனது. கரண்ட் போனால் கோமளா எழுந்து டார்ச்சைத் தறிக் கட்டையில் கட்டித் தொங்கவிடுவாள், வேலை நிற்காமல் நடக்கும். கரண்ட் போனாலும் கௌரியம்மாள் கை நிற்காது என்று பேச்சானது. வீரபத்திரன் முன்னெல்லாம் கலர் பாவை மட்டும் பகலில்தான் பிணைக்க விடுவான். இழை நிறம் வெயில் வெளிச்சத்தில்தான் சரியாகத் தெரியும் என்பது பழைய ஆட்கள் வைத்த கட்டுப்பாடு. டார்ச் வந்த பிறகு அந்தக் கட்டுப்பாடும் போனது. இவ்வளவு வெளிச்சம் இருக்கிறதே, அப்புறம் என்ன என்று அக்காவே சொன்னாள்.

மாசி மாசத்தில் ஒரு நாள் காலையில் வீரபத்திரன் தோளில் ஒரு சேலையைப் போட்டுக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான். வெள்ளை உடம்பு, சந்தனக் கரை. அதை வாசலில் வெயிலில் விரித்தான். சந்தனக் கரைக்குள் ஒரு ஓரமாக, தலைப்பிலிருந்து கடைசிவரை, வெள்ளையாக ஒரு கோடு. மெட்ராஸ் கடைக்காரன் மூட்டையோடு திருப்பி அனுப்பிவிட்டான். அந்தப் பாவில் நெய்த சேலை முழுக்க அதே கோடு. தெரு கூடிவிட்டது. அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தக் கோட்டை விரலால் தடவினாள். அன்றைக்குச் சாயங்காலம் கரண்ட் போனது, டார்ச் லைட்டில்தான் பிணைத்தோம் என்றாள். கோமளா வாசல்படியிலேயே நின்றாள்.

அக்காவுக்கு டார்ச் மேல் வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. அன்றைக்கே அதைப் பையில் போட்டுக்கொண்டு என்னை இழுத்துக்கொண்டு திருத்தணிக்குப் போனாள். கோமளா தலைவலி என்று வரவில்லை. பஸ்ஸிலேயே அக்கா தெலுங்கில் திட்டிக்கொண்டு வந்தாள். கடையில் ராஜகோபால் பொறுமையாகக் கேட்டார். அக்கா கொண்டுபோயிருந்த ஒரு சந்தன நூலையும் ஒரு வெள்ளை நூலையும் வாங்கி, வாசல் வெயிலில் காட்டினார். வேறு வேறாகத் தெரிந்தது. கதவைச் சாத்திவிட்டு டார்ச்சை அடித்தார். எனக்குக் கண்ணில் ஒரு குறையும் கிடையாது, எனக்கே இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. அந்த பல்பு வெளிச்சமே மஞ்சள், அதில் வெள்ளையும் சந்தனம் பூசிக்கொண்டுவிடுகிறது.

"நீங்க அன்னிக்குக் கறுப்பும் அரக்கும்தாம்மா கொண்டாந்தீங்க" என்றார் அவர்.

அக்கா டார்ச்சை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம், நின்றுகொண்டே வந்தோம். தப்பு என்னுடையதுதான், பழைய ஆட்கள் சொன்னதை மீறியது நான்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. நிறம் தெரியவில்லை, சரி. ஆனால் பாவு ஓடி இழைகளை அளந்து தயார் செய்கிறவர்கள் சந்தன இழையைத் தனிக் கட்டாகவும் வெள்ளையைத் தனிக் கட்டாகவும் கட்டித்தானே கொடுக்கிறார்கள். எடுத்துக் கொடுக்கிறவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தால்கூட எந்தக் கட்டைப் பிரிக்கிறோம் என்று கைக்குத் தெரியுமே. அதைக் கேட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பஸ்ஸில் அத்தனை பேர் இல்லாவிட்டால் அறைந்திருப்பாள். "கோமளாவப் பத்தி ஒரு வார்த்த பேசாத" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அப்படி வாயை மூடியது அபூர்வம்.

மறுநாள் அக்கா வீரபத்திரனைப் பார்க்கப் போனாள். கலர் பாவு வேண்டாம், கரண்ட் போனால் தொடமாட்டேன், பகலில் மட்டும் வேலை கொடுங்கள் என்று கேட்கப் போனாள். அவன் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறான். இனிமேல் கோமளாவே பிணைக்கட்டும், அவள் முறுக்கும் நன்றாகத்தான் இருக்கிறது, ஏற்கெனவே இரண்டு பாவு போட்டுப் பார்த்தாயிற்று என்றானாம். கடைசியில் அவன் சொன்னதுதான் அக்காவை உடைத்தது. உங்களுக்குக் கண் புரை விழுந்திருப்பது எனக்குத் தை மாசமே தெரியும், பாவம் என்றுதான் பொறுத்துக்கொண்டிருந்தேன் என்றானாம்.

கோடு விழுந்தது மாசியில். அவனுக்குத் தெரிந்தது தையில். தெரிந்தவர்கள் அக்காவோடு சேர்த்து நாலே பேர். புருஷன் சொல்லமாட்டார், அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதே கஷ்டம். நாத்தனார் சொல்லமாட்டாள், அவள் ஒரே தட்டில் தின்றவள். மிச்சம் யார்? நீட்டு வாய்க்காரி வசந்தி.

அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். காலையில் கதவைத் திறந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். குழாயடியில் என் குடத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் போவாள். எனக்கு நெஞ்சு வெந்தது. மலையைப் பார்த்துச் சத்தியம் செய்தவள் நான், ஒரு உயிரிடம் மூச்சு விடவில்லை. என் புருஷனுக்கே தெரியாது. வாய் நீளமாக இருந்தால் நாக்கில் நம்பிக்கை இருக்காதா? ஊரெல்லாம் என்னை என்ன சொன்னாலும் நான் பொருட்படுத்தியதில்லை. அவள் அப்படி நினைத்ததை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. நாளெல்லாம் தறியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன், இழை நனைந்ததுதான் மிச்சம்.

அப்புறம் அழுகை போய்க் கோபம் வந்தது. ஒரு நாள் பொழுது சாயும்போது நேரே அவள் வீட்டுக்குள் போனேன். சின்னசாமி அண்ணன் சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்நேரத்துக்கு அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை, எங்கேயோ கிளம்புகிறவர் மாதிரி சட்டை போட்டிருந்தார். அக்கா அடுப்புப் பக்கம் இருந்தாள். நான் ஒன்றையும் சுற்றி வளைக்கவில்லை. நான் சொல்லவில்லை, சொன்னது யார் என்று உன் வீட்டுக்குள் தேடு என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவள் வாய் திறப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். கோமளா உள்ளே வந்தாள். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினாள், பிறகு அக்காவிடம் சொன்னாள்:

"அண்ணி, அந்த சார்ஜ் லைட்டக் குடுங்க. கொட்டகையில பாவு ஏத்தி வச்சு கீது. கரண்ட் போனாலும் போவும். உங்களுக்கு இனிமே அது எதுக்கு, சும்மாதான மாட்டி கீது."

 எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. கூடவே இருந்து குழி பறிப்பது என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"கோமளா, வீரபத்திரன்கிட்ட என் கண்ணப் பத்திச் சொன்னது யாரு?"

கோமளா பொய் சொல்வாள் என்றுதான் நினைத்தேன். சொல்லவில்லை. "நான்தான் அண்ணி" என்றாள்.

அக்கா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை மன்னிப்புக் கேட்டது. எனக்கு அது போதும் என்று பெருந்தன்மையாகச் சொல்லலாம். போதவில்லை. ஆனால் அவள் நிலைமையில் என் கணக்கைத் தீர்க்க அது நேரமில்லை.

"அந்தச் சந்தனக் கரை?" என்று அக்கா கேட்டாள்.

கோமளா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்க ஒரு பழைய இழையோட ரெண்டு புது இழைய ஒண்ணாச் சேத்து முறுக்கிட்டீங்க. ஒரு தபா இல்ல, நாலஞ்சு தபா. சந்தனக் கட்டு தீந்து போச்சு, பழைய இழை இன்னும் நின்னுகினு இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சுது. வெள்ளக் கட்டப் பிரிச்சு நீட்டிட்டேன்."

"நான் கேட்டனே, சரியா கீதான்னு."

"ஆங், கேட்டீங்க." கோமளா இப்போதுதான் தலையை நிமிர்த்தினாள், கண்ணில் தண்ணீர் இருந்தது. "நான் எத்தினி வருஷம் அண்ணி எடுத்துக் குடுத்துகினே இருக்கறது? கௌரியம்மா பிணைச்ச பாவு, கௌரியம்மா பிணைச்ச பாவுன்னு ஊரே சொல்லுது. பக்கத்துல ஒருத்தி உக்காந்து இருந்தான்னு யாரு சொன்னாங்க? உங்களுக்கு அண்ணன் கீறாரு, வீடு கீது. எனக்கு இன்னா கீது?"

அதில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நியாயம் இருக்கிறவள் நேரே கேட்டிருக்கலாம். எனக்கும் முறுக்கக் கொடு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அக்கா தன் இடத்தை நகர்த்தி உட்கார வைத்திருப்பாள். ஆபரேஷன் வரைக்கும் அவளே பிணைக்கட்டும் என்று தானாகவே சொல்லியிருப்பாள். கேட்காமல், அந்தக் குருட்டுக் கையில் வெள்ளை இழையை வைத்துவிட்டு, "சரியா கீது அண்ணி" என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு எப்படி மனசு வந்தது?

அக்கா எழுந்தாள். சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய டார்ச்சை எடுத்தாள். எரிகிறதா என்று ஒரு தடவை அடித்துப் பார்த்தாள், நன்றாகவே எரிந்தது. கோமளாவின் கையில் கொடுக்கப் போனவள், ஏதோ தோன்றின மாதிரி நிறுத்தினாள்.

"நீ முறுக்கற. சரி. உனக்கு எடுத்துக் குடுக்கறது யாரு?"

கோமளா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். அக்கா மறுபடியும் கேட்டாள். கோமளாவின் பார்வை மெள்ளச் சுவரோரம் போனது. நானும் பார்த்தேன். சின்னசாமி அண்ணன் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், எடுத்து வாயில் வைக்கவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடட்டும், தங்கச்சிக்கு உதவ வேண்டாம் என்று யார் சொன்னது? பெண்டாட்டி வாசலில் அவமானப்பட்டு நின்றாளே, அன்றைக்கு அந்தச் சதை எங்கே போயிருந்தது? கொட்டகையில் இரண்டு பாவு முடிகிறவரை எதிரில் உட்கார்ந்து இழை எடுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து இவள் கையால் சோறு வாங்கித் தின்றிருக்கிறார்.

"நான்தான்" என்றார் அவர், தட்டைப் பார்த்துக்கொண்டே. "அவளும் பொழைக்கணுமே."

அக்கா அவரைப் பார்த்தாள். அழவில்லை, தெலுங்கில் திட்டவும் இல்லை. நான் பயந்தே போனேன். பிறகு டார்ச்சைக் கோமளாவின் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"எடுத்துகினு போ" என்றாள். "கட்டு தீந்தா வாயத் தொறந்து சொல்லச் சொல்லு, உங்க அண்ணன."